மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

கித்தான் தெருவைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது கிருத்திகாதான். நவநீதனுக்கு அதில் பெரிய நாட்டமில்லை. கோயம்புத்தூரிலிருந்து பல் மருத்துவர்கள் மாநாட்டுக்காகச் சென்னை வந்திருந்த மனைவியோடு, ஊர் சுற்றலாமே என்று தொற்றிக்கொண்டு வந்தவன் அவன். மாநாடு முடிந்த அன்று மாலை கடற்கரைக்குப் போய்க் கால் நனைத்துவிட்டு, ரயிலைப் பிடித்தால் போதும் என்றிருந்தான்.

“ஊரே போய்ப் பார்த்துட்டு வந்து பேசுதுங்க. நாம இவ்வளவு தூரம் வந்துட்டுப் பார்க்காமப் போறதா?” என்றாள் கிருத்திகா. அதற்குமேல் அவன் பேசவில்லை.

ராயபுரத்தில், துறைமுக மதிலை ஒட்டிப் போகிற ஒற்றைத் தெரு அது. பாய்மரக் கப்பல்கள் வந்துபோன காலத்தில் கித்தான் துணியை அங்கே வைத்துத்தான் தைத்தார்களாம். பாய்கள் போய் இயந்திரக் கப்பல்கள் வந்தபிறகு, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் பெயிண்ட் அடித்தவர்களும் படகோட்டிகளும் அந்த வீடுகளில் குடியிருந்தார்கள். கப்பலுக்கு அடித்து மீந்த பெயிண்டை டப்பாவோடு கொண்டுவந்து சுவருக்கு அடித்தார்கள். ஒரு வீடு பச்சை, ஒரு வீடு செங்கல் சிவப்பு, அடுத்தது ஆரஞ்சு. டப்பாவில் மீந்ததுதான் அந்த வருஷத்து நிறம். யாரோ ஒருவர் அதைப் படமெடுத்துப் போட, அந்தப் படம் உலகம் சுற்றியது. படத்தைத் தொடர்ந்து ஆட்கள் வந்தார்கள், ஆட்களைத் தொடர்ந்து காபிக்கடைகள் வந்தன. கடைசியில் ‘மரபகம்’ என்ற நிறுவனம் வந்து தெருவையே மொத்தமாக எடுத்துக்கொண்டது. குடியிருந்தவர்களுக்கு மீஞ்சூருக்கு அப்பால் அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள்.

ஆட்கள் போய்விட்டால் தெருவில் என்ன இருக்கிறது? வெறும் சுவரைப் பார்க்க யார் வருவார்கள்? அதற்கும் மரபகத்திடம் வழி இருந்தது.

“இவங்க எல்லாரும் இங்க நிஜமா வாழ்ந்தவங்க மேடம்” என்றாள் நுழைவாயிலில் நின்ற சீருடைப் பெண். “ஒவ்வொருத்தரோடயும் மாசக்கணக்கா உட்கார்ந்து பேசி, நடை, குரல், சிரிப்பு எல்லாத்தையும் பதிவு பண்ணித்தான் இந்த ஒளியுருக்களைச் செஞ்சிருக்கோம். அவங்கவங்க வீட்டு வாசல்ல அவங்கவங்க ஒளியுரு இருக்கும். நீங்க கேள்வி கேட்டா, அவங்க எப்படிப் பதில் சொல்லுவாங்களோ அப்படியே சொல்லும்.”

“தொட்டுப் பார்க்கலாமா?” என்றான் நவநீதன்.

“மஞ்சள் கோடு போட்டிருக்கு சார். அதைத் தாண்டாம இருந்தா நல்லது. கை பட்டா உருவம் கலைஞ்சு சேர நேரமாகும், மத்தவங்களுக்கு இடைஞ்சல்.” அவள் ஆளுக்கொரு சின்னக் கருவியைக் கொடுத்தாள். மொச்சைக் கொட்டை அளவுதான் இருக்கும். “இதைக் காதுல வச்சுக்கோங்க. வழி சொல்லும். நீங்க பேசறதை ஒளியுருவுக்குக் கொண்டுபோறதும் இதுதான். பேச்சுல எங்கயாவது கோளாறு இருந்தா எங்களுக்கும் சொல்லிடும்.”

கிருத்திகா கருவியைக் காதில் செருகிக்கொண்டாள். பத்தடி நடப்பதற்குள் அது காதில் இருப்பதையே மறந்துபோனாள்.

தெரு அழகாகத்தான் இருந்தது. மேற்கு வெயில் சாய்ந்து விழுந்து, சுவர்களெல்லாம் அப்போதுதான் பெயிண்ட் அடித்ததுபோல ஈரமாக மின்னின. பழைய ஐஸ் கிடங்கு காபிக்கடையாகி இருந்தது. முச்சந்தியில் மாதா சிலை இருந்த கெபிக்கு நீல விளக்குப் போட்டு, முன்னால் நின்று படமெடுத்துக்கொள்ள மேடை கட்டியிருந்தார்கள். மாடிகளெல்லாம் தங்கும் அறைகள். பால்கனியில் வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தது.

முதல் வாசலில் ஒரு பெரியவர் கேரம் பலகையில் பவுடர் தூவிக்கொண்டிருந்தார். “வா நைனா, ஒரு கை போடலாமா?” என்று நவநீதனைப் பார்த்துக் கண்ணடித்தார். நவநீதன் சட்டென்று கோட்டுக்கு மேலாகக் கையை நீட்டினான். கை அவர் நெஞ்சுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. பெரியவர் ஊதுபத்திப் புகைபோலக் கலைந்து, மெல்லக் கூடி, “வா நைனா” என்று மறுபடியும் தொடங்கினார்.

நவநீதன் விழுந்து விழுந்து சிரித்தான். கிருத்திகாவும் சிரித்தாள்.

அதன்பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. ‘மறுபடி’ என்றால் மறுபடி சொன்னார்கள். ‘நிறுத்து’ என்றால் பாதியில் நிறுத்தினார்கள். கோலம் போட்ட பெண்ணைக் கோலத்தை அழித்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னான் நவநீதன், வெளிச்சம் சரியில்லையாம். கிருத்திகா தன் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிடுவாள். நோயாளிக்கு வலிக்கும் என்று தெரிந்தால் ஊசி போடுமுன் ஒருமுறைக்கு இருமுறை சொல்லிவிட்டுத்தான் போடுவாள். அதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமையும் உண்டு. ஆனால் அந்தத் தெருவில் பாதி தூரம் போவதற்குள், ‘சொல்லு’, ‘திரும்பு’, ‘சிரி’ என்று அவள் வாயிலும் வர ஆரம்பித்திருந்தது. ஒளியிடம் என்ன மரியாதை?

பதினோராம் எண் வீடு அடர் ஊதா. வாசலில் ஒரு பெண்மணி நின்றிருந்தாள். ஐம்பதைத் தாண்டியிருக்கும். சேலைக்குமேல் காக்கிச் சட்டை. பக்கத்துப் பலகையில் அவளுடைய படமும் பெயரும் இருந்தன: மதலேன், ஷேர் ஆட்டோ ஓட்டுநர்.

“இந்த ஊதா கலரு எம்புள்ள பெலிக்ஸ் கொணாந்தது” என்று ஆரம்பித்தாள் அவள். குரல் கரகரப்பாக, நிதானமாக இருந்தது. “கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை அவனுக்கு. சாரத்துல தொங்கிக்கினே அடிப்பான். ஒரு நாளு கயிறு அறுந்துபோச்சு. ஆளு வரல. அவன் எடுத்து வச்சிருந்த டப்பா மட்டும் வந்துச்சு. இன்னா பண்றது, அதை எடுத்து நானே சுவத்துக்கு அடிச்சேன்.”

நவநீதன் செல்பேசியை இறக்கி, “ப்ச்” என்றான். “பின்னாடி ஒரு ஸ்கூட்டர் போயிடுச்சு கிருத்தி. சத்தம் விழுந்துடுச்சு. மறுபடி சொல்லச் சொல்லு.”

“மறுபடி” என்றாள் கிருத்திகா.

மதலேன் மறுபடி சொன்னாள். இந்த முறை ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டே குறுக்கே போயிற்று. மறுபடியும் கேட்டார்கள். அவள் மறுபடியும் சொன்னாள்: அதே கயிறு, அதே டப்பா.

“அந்த நாளைப் பத்தி இன்னும் கொஞ்சம் விவரமாச் சொல்லு” என்றாள் கிருத்திகா. “செய்தி வந்தப்ப நீ எங்க இருந்தே?”

“ஆட்டோவுல. சவாரி ஏத்திக்கினு இருந்தேன்.”

“அழுதியா?”

கொஞ்சம் தாமதமாகத்தான் பதில் வந்தது. “சவாரியை இறக்கிவுட்டுட்டு அழுதேன்.”

“இது நல்லாருக்கு” என்றான் நவநீதன். “முகம் நிழல்ல இருக்கு. வெயில் பக்கமா திரும்பச் சொல்லு.”

“இந்தப் பக்கம் திரும்பு.”

மதலேன் திரும்பினாள்.

சாய்ந்த வெயில் நேராக அவள் வலக்கன்னத்தில் விழுந்தது. கன்னம் வீங்கியிருந்தது. தாடையெலும்பின் கோட்டை மறைத்துக்கொண்டு, தோல் பளபளக்க, இறுகிய வீக்கம். இருபது வருஷமாக இப்படிப்பட்ட கன்னங்களைப் பார்த்து வருகிறவள் கிருத்திகா. ‘எவ்வளவு துல்லியமாகச் செய்திருக்கிறார்கள்!’ என்றுதான் முதலில் நினைத்தாள். அடுத்த கணம் பலகையிலிருந்த படத்தைப் பார்த்தாள். அதில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பதிவுசெய்த காலத்துப் படம் அது. சீழ் கட்டிய பல்வீக்கம் மாதக்கணக்கில் நிற்காது. உடையும், இல்லை வடியும். இது நேற்றோ முந்தாநாளோ வந்த வீக்கம்.

ஒரு ஈ வந்து அந்தக் கன்னத்தில் உட்கார்ந்தது. மதலேன் அதை விரட்டவில்லை. கண் மட்டும் லேசாகச் சுருங்கியது. காதோரத்திலிருந்து வியர்வை இறங்கிக் காக்கிச் சட்டையின் காலரை நனைத்திருந்தது. அந்த வீக்கத்தோடு வாயைத் திறந்து, பெற்ற பிள்ளை செத்த கதையை மூன்று முறை சொல்லியிருக்கிறாள் இவள். ‘அழுதியா’ என்று கேட்டதற்குப் பதிலும் சொல்லியிருக்கிறாள்.

கிருத்திகாவின் காதுமடல் சுட்டது. நவநீதனைப் பார்த்து, “நீங்க போய்க் காபி சொல்லுங்க, நான் வந்துடறேன்” என்றாள். அவன் வீடியோவைப் பார்த்துக்கொண்டே நகர்ந்துபோனான்.

கிருத்திகா மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“அம்மா” என்றாள் மெதுவாக. “நீங்க… நிஜமா இருக்கறீங்க.”

“இந்த ஊதா கலரு எம்புள்ள பெலிக்ஸ் கொணாந்தது” என்றாள் மதலேன்.

“எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்கம்மா. நான் டாக்டர். உங்க கன்னம் வீங்கியிருக்கு. ஐயோ, உங்களைப் போய் நான் என்னவெல்லாம்… மன்னிச்சுக்கோங்கம்மா.”

“கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை அவனுக்கு.”

சொல்லிக்கொண்டே மதலேன் தன் காதைத் தொட்டாள். கிருத்திகாவின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு, விரலால் காதை இரண்டு முறை தட்டினாள்.

“காதுக்கும் வலி போகுதுங்களா? கீழ்க் கடைவாய்ப் பல்லா இருக்கும். அப்படித்தான் இழுக்கும்” என்றாள் கிருத்திகா. அந்த நேரத்தில் தன்னால் செய்யக்கூடிய ஒன்று கிடைத்துவிட்டதில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட வந்தது. “சீழ் கட்டியிருக்குங்கம்மா, இதை விடக்கூடாது. நான் மருந்து எழுதித் தரட்டுங்களா?”

மதலேன் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்றா, பேசாதே என்றா என்று கிருத்திகாவுக்குப் புரியவில்லை. மறுபடி காதைத் தட்டினாள். “சாரத்துல தொங்கிக்கினே அடிப்பான்” என்றாள். குரல் நடுங்கியது.

அந்த நடுக்கத்தைத்தான் கிருத்திகாவால் தாங்க முடியவில்லை. தான் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் திரும்பி வந்து அறைந்தன. இந்த அம்மாள் ஒரு வார்த்தை, ‘பரவாயில்லை’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. அவள் மஞ்சள் கோட்டைத் தாண்டினாள். மதலேனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். காய்த்துப்போன, சூடான கைகள்.

“எங்கிட்ட ஏன் மறைக்கறீங்க? நீங்க உயிரோட இருக்கிறவங்க. நான் உங்களை மெஷினாட்ட நடத்திட்டேன். என்னைய மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா!”

அழுதுகொண்டே சத்தமாகத்தான் சொல்லிவிட்டாள். மூடியிருந்த கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண்குரல், இருமலோடு, “மதலேன்? யாரு அங்க அழுவறது?” என்றது.

மதலேன் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பிடியிலிருந்து கைகளை மெதுவாக உருவிக்கொண்டு, அவற்றைக் கூப்பினாள்.

“போம்மா” என்றாள். “உன்னைக் கையெடுத்துக் கும்புடறேன். போயிடு.”

கிருத்திகாவின் காதுக்குள் ஒரு இனிமையான குரல் கேட்டது. “பதினோராம் எண் வீட்டில் பதிவில் இல்லாத பேச்சு கேட்டுள்ளது. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். பராமரிப்புக் குழு வந்துகொண்டிருக்கிறது. தயவுசெய்து அடுத்த வீட்டுக்குச் செல்லுங்கள்.”

அப்போதுதான் அவள் கை தன் காதுக்குப் போயிற்று.

பிறகு நடந்ததையெல்லாம் அவள் காபிக்கடை வாசலில் நின்றபடி பார்த்தாள். சீருடைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். கதவைத் திறந்து உள்ளே போனவர்கள், ஒரு நாற்காலியோடு ஒரு மனிதரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மெலிந்து, மஞ்சள் பூத்து, கைலியும் பனியனுமாக இருந்தார். வெளிச்சம் கூசியதால் கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். கூடவே ஒரு ஸ்டவ்வையும் தலையணையையும் மருந்துப் பையையும் வெளியே எடுத்து வைத்தார்கள். மதலேன் யாரையும் திட்டவில்லை. கைலி நழுவாமல் அவருடைய இடுப்பில் செருகிவிட்டாள்.

தெருவில் இருந்தவர்கள் வட்டமாகக் கூடினார்கள். ஏதோ புதிய காட்சி என்று நினைத்துக்கொண்டார்கள். பழைய காலத்தில் குடியிருந்தவர்களைக் காலிசெய்த காட்சி என்று ஒருவர் தன் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னார். எல்லோர் கையிலும் செல்பேசி உயர்ந்திருந்தது. நாற்காலியை வண்டியில் ஏற்றியதும் யாரோ கைதட்ட ஆரம்பிக்க, மற்றவர்களும் தட்டினார்கள்.

‘அது காட்சி இல்லை, அவர்கள் நிஜமான மனிதர்கள்’ என்று சொல்லவேண்டிய நேரம் அது. சற்றுமுன் அத்தனை சத்தமாகப் பேசியவளுக்கு இப்போது நாக்கு எழவில்லை. நவநீதன் இரண்டு காபியோடு வந்து, “என்னாச்சு? எதையோ விட்டுட்டமாட்ட இருக்குது?” என்றான்.

ரயிலில் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நல்லவன்தான். “உனக்கென்ன தெரியும் கிருத்தி? நீ நல்ல மனசுலதானே கேட்டே. உன் இடத்துல யார் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பாங்க” என்று தேற்றினான். செல்பேசியிலிருந்த வீடியோவையும் அழித்தான். அந்தத் தேறுதலைத்தான் அவள் மாதக்கணக்கில் பிடித்துக்கொண்டு தொங்கினாள். யார் இருந்தாலும் அப்படித்தான். இன்று நான் இல்லாவிட்டால் நாளை வேறு யாராவது. எத்தனை நாளைக்கு அவர்கள் ஒளிந்திருக்க முடியும்?

ஆனாலும் வீங்கிய கன்னத்தோடு யாராவது வந்து நாற்காலியில் சாய்ந்தால் அவள் எடுத்த கருவியை மறுபடி கீழே வைத்தாள். “வாயைத் திறங்க” என்று சொல்லும்போதெல்லாம் ‘திரும்பு’ என்று தான் சொன்னது கேட்டது. கடைசியில் ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல், மருந்துகளும் சில கருவிகளும் அடங்கிய பையோடு சென்னைக்கு வந்து, மீஞ்சூருக்கு அப்பால் அந்த அடுக்குமாடிகளைத் தேடிப் போனாள்.

எல்லாம் ஒரே சாம்பல் நிறம். கீழே தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த பெண்களிடம், “ஷேர் ஆட்டோ மதலேன்…” என்று இழுத்தாள். “நாலாவது மாடி. லிஃப்டு வேலை செய்யாது, ஏறித்தான் போவணும்” என்றாள் ஒருத்தி.

கதவு திறந்தே இருந்தது. மதலேன் கட்டிலில் உட்கார்ந்திருந்த கணவருக்குச் சட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் சட்டையை விடாமல், “வா. பல்லு டாக்டரு” என்றாள். வியப்பும் இல்லை, கோபமும் இல்லை. “இவரு என் வூட்டுக்காரரு, இஞ்ஞாசி” என்றாள். “நீங்க பொத்தானைப் போடுங்க, வந்துடறேன்” என்று அவரிடம் சொல்லிவிட்டு, கிருத்திகாவைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவருக்கு இடமில்லாத சமையலறை.

“ஜாஸ்தி நேரம் இல்லம்மா. இன்னிக்கு அவருக்கு மெஷின் நாளு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்.”

“சிறுநீரகங்களா?”

“ரெண்டும் போச்சு. வாரத்துல மூணு தபா ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். ஆஸ்பத்திரி எங்க தெருவுக்கு அடுத்தாப்லதான். நடந்தே இட்டுனு போயிடுவேன். இங்க வந்தப்புறம் படி இறங்கி, பஸ்ஸைப் புடிச்சு, ரயிலு மாறி… ஒரு நாளு பிளாட்பாரத்துலயே மயக்கமாயிட்டாரு. போயிட்டாருன்னே நெனச்சேன். அதான் எங்க வூட்டுக்கே திரும்பிப் போயிட்டேன். பின்சந்து வழியா. அவனுங்களுக்கு வாசல் மட்டும்தான வேணும்? உள்ளாற பூட்டித்தான் கெடந்துச்சு.”

“அப்ப… வாசல்ல நீங்க ஏன் நிக்கணும்? ஒளியுரு இருந்துச்சுங்களே?”

“இருந்துச்சு. உப்புக்காத்துல மெஷின் வீணாப் போச்சு. அது நின்னா ரிப்பேருக்கு ஆளு வரும். வந்தா உள்ளாற படுத்துக்கினு இருக்கிறவரைப் பார்ப்பான். அதுக்குத்தான் நானே போய் நின்னேன். அது இன்னா சொல்லும்னு எனக்குத் தெரியாதா? நான் சொன்னதுதானே. அதுல இல்லாத ஒரு வார்த்தை பேசினா, உங்க காதுல இருக்கிறது போட்டுக் குடுத்துடும். நான் வேற பேசாம இருந்துட்டா ஒண்ணும் இல்ல.”

“நீங்க காதைத் தொட்டுக் காட்டினப்ப… பல்வலியால காது வலிக்குதுன்னு நெனச்சுட்டேனுங்க.”

மதலேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதானே. டாக்டராச்சே.”

அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு கிருத்திகா அவசரமாகப் பையைத் திறந்தாள். “அந்தப் பல்லை நான் பார்த்துடறேனுங்கம்மா. அதுக்குத்தான் வந்தேன்.”

“அது எப்பவோ புடுங்கியாச்சு. இவரை மெஷின்ல போட்டுட்டுக் காத்துக்கினு இருக்கசொல்ல, கீழ போயிப் புடுங்கினு வந்துட்டேன்.”

பை திறந்தபடியே இருந்தது. இனிச் சொல்வதற்கு ஒன்றுதான் மிச்சம். வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்த வார்த்தைகள் அவை. “நான் பண்ணினதுக்கு மன்னிப்பே இல்லைங்க. ஆனா வேணும்னு பண்ணலீங்க. பார்த்ததும் எனக்குத் தாங்கல. யாருக்குத் தெரிஞ்சிருந்தாலும் அப்படித்தான்…”

“தெரியாம இன்னாம்மா?” என்றாள் மதலேன்.

“என்னங்க?”

“எத்தினியோ பேருக்குத் தெரிஞ்சுதே. ஒளியின்னா வேர்க்குமா? இருமலு வருமா? ஒரு காலேஜுப் பொண்ணு, மூஞ்சியைப் பார்த்த ஒடனே தலையைக் குனிஞ்சுக்கினு, கூட வந்த பசங்களை வேற வூட்டுக்குத் தள்ளிக்கினு போயிடுச்சு. ஒரு சர்தார்ஜி. சித்திரை வெயிலு எம்மேல அடிச்சப்ப, குடையை விரிச்சுக்கினு குறுக்கால வந்து நின்னாரு. என்னைப் பார்க்கவே இல்ல, தெருவைப் பார்த்துக்கினே நின்னாரு. நெழல் வந்தப்புறம் போயிட்டாரு. மாடியில தங்கியிருந்த வெள்ளைக்காரிக்கு நாங்க உள்ளாற இருக்கிறதே தெரியும். ராவுல இருமல் சத்தம் கேக்குமில்ல? காலையில எம்மூஞ்சியைப் பார்த்துட்டு நேரா நடந்து போயிடுவா. ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசலம்மா.”

குரலில் கடுமையே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

“நீ ஒருத்திதான் மன்னிப்பு கேட்டே.”

இத்தனை மாதம் பிடித்துக்கொண்டிருந்த ‘யார் இருந்தாலும்’ என்ற கயிறு கையிலிருந்து சத்தமில்லாமல் போய்விட்டது. யார் இருந்தாலும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். தெரிந்தவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள். தன் மனம் லேசாக வேண்டும் என்று தவித்தவள் அவள் ஒருத்திதான். இன்றைக்கும் அதற்காகத்தான் வந்திருக்கிறாள். வாய்வரை வந்துவிட்ட அடுத்த மன்னிப்பை அவள் விழுங்கினாள்.

“நேரமாச்சு” என்றாள் மதலேன். “பக்கத்து வூட்டுப் பையன்தான் எப்பவும் ஒரு கை புடிப்பான். இன்னிக்கு வேலைக்குப் போயிட்டான். நீ புடிக்கிறியா?”

கிருத்திகா பையை அங்கேயே தரையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

இஞ்ஞாசியின் இடக்கை மதலேனின் தோளில், வலக்கை கிருத்திகாவின் தோளில். மெலிந்தவர்தான், ஆனால் உடலில் நீர் சேர்ந்திருந்ததால் எதிர்பார்த்ததைவிடக் கனத்தார். கால்கள் வீங்கியிருந்தன. ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கினார். படிக்கட்டில் யாருடைய வீட்டிலிருந்தோ தாளிக்கும் வாசனை வந்தது. துணிக்கூடையோடு ஏறி வந்த பெண் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் அவர் நின்றார். கிருத்திகாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “யாரு மதலேன் இவங்க? முன்ன பின்ன பார்த்ததில்லையே” என்றார்.

அன்று வாசலில் அழுதது யார் என்று இவருக்குத் தெரியாது. வெளியே தூக்கி வந்த அன்றைக்கு அவர் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். மதலேன் இதுவரை சொல்லவும் இல்லை.

மதலேன் அடுத்த படியைப் பார்த்தபடியே, “நம்ம தெருவைச் சுத்திப் பார்க்க வந்தவங்க” என்றாள்.

“அப்படியா!” அவர் முகம் மலர்ந்துவிட்டது. கிருத்திகாவின் தோளிலிருந்த கை ஒருமுறை அழுத்தியது. “எங்கிருந்தோ எல்லாம் வர்றாங்கன்னு சொன்னாங்க. வூட்டுக்குள்ளயே கெடந்ததால நான் ஒருத்தரையும் பார்த்ததில்ல. எப்படி இருந்துச்சு மேடம், நம்ம தெரு?”

மதலேன் திரும்பவில்லை. பதிலுக்காக அவர் காத்திருந்தார்.

“நல்லா இருந்துச்சுங்க” என்றாள் கிருத்திகா.

அவர் திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு, அடுத்த படிக்குக் காலை இறக்கினார். இன்னும் மூன்று மாடி இருந்தது.